மஞ்சள் யாருக்கு?

மாசி மகத் தேர் நாளில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வீதியில் நின்றால் முதலில் கண்ணை நிறைப்பது மஞ்சள்தான். ஐந்து தேர்களையும் சூழ்ந்து மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு.

மஞ்சளை மகிழ்ச்சியின் நிறம் என்பார்கள். ஜெர்மானியக் கவிஞர் கதே 1810இல் வெளியிட்ட நிறங்கள் பற்றிய நூலில், ஒளிக்கு மிக அருகில் இருப்பது மஞ்சள் என்றார். சிறிது அழுக்குப் பட்டாலும் முகம் சுளிக்க வைத்துவிடும் என்றும் சொன்னார். அது கண்ணால் பார்த்த மஞ்சள். நம்முடையது உடம்பில் பூசி அறிந்த மஞ்சள்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் அம்மையும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. பிழைத்து வந்த சனம் மாரியம்மனைப் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. லயத்தில் பிள்ளைக்கு அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை. இறங்கியதும் தலைக்கு ஊற்ற மஞ்சள் தண்ணீர். பயந்த நேரத்தில் நம் சனம் கையில் எடுத்த நிறம் இது. அதனால்தான் மஞ்சளைக் கண்டதும் எனக்குக் குதூகலத்தைவிடத் தைரியம் வருகிறது.

2019 இறுதியில் இலங்கையில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. அடுத்த ஆண்டு கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கடத்தி வந்த மூட்டைகள் பிடிபட்டன. வாசனைத் திரவியத் தோட்டங்களுக்குப் பேர்போன மாத்தளையிலேயே அதைச் சிட்டிகை சிட்டிகையாக அளந்து போட்டோம். கறிக்கு இல்லாவிட்டாலும் சாமிக்கு வேண்டும் என்று ஒரு துண்டு விரலி மஞ்சளை முடிந்து வைத்தவர்களும் உண்டு.

அப்படி உயிராய் மதிக்கும் மஞ்சளை ஒருத்தியிடமிருந்து மட்டும் எப்படிப் பறிக்கிறோம்? பொன்தாலிக்கு வழியில்லாதவளுக்கு மஞ்சள் கயிற்றில் கோத்த மஞ்சள் துண்டே தாலி. புருஷன் செத்தால் கயிற்றோடு மஞ்சளும் போகிறது. என் பெரியம்மா அப்படி இழந்தவர். அம்மை கண்ட பேத்திக்கு இரவெல்லாம் விழித்திருந்து, மஞ்சள் அரைத்துத் தலைக்கு ஊற்றியது அவர் கைதான். அதே பேத்தியின் சடங்கில் நலங்கு வைக்க அந்தக் கை ஆகாது என்றார்கள். யாரும் போகச் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்புள்ளைக் குகை விகாரையில் மஞ்சள் அங்கி போர்த்திய பிக்குவைக் கண்டால் கும்பிடுகிறோம். விரும்பித் துறந்தவருக்கு உரிய நிறம், விரும்பாமல் இழந்தவளுக்கு ஏன் ஆகாது? நோய் விரட்டும்போது அவள் கையில் இல்லாத தீட்டு, பந்தலுக்குள் மட்டும் எங்கிருந்து வருகிறது? இது சாமி விதித்ததில்லை, நாம் விதித்தது. நாமே மாற்றலாம்.

உங்கள் வீட்டில் அடுத்து வரும் சடங்கில், கல்யாணத்தில், மஞ்சள் தட்டை முதலில் அவளிடம் நீட்டுங்கள்.