துக்க வீட்டில் நாலு வார்த்தை

நம் இயக்கத்தில் இருக்கிற எல்லாருக்கும் ஒருநாள் இந்தப் பொறுப்பு வந்து சேரும். தாமானில் ஒருவர் தவறிப்போயிருப்பார். பதினாறாம் நாள் காரியத்தில் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து, "தம்பி, நீங்க நல்லா பேசுவீங்களே, நாலு வார்த்தை சொல்லுங்க" என்பார். மறுக்க முடியாது. என்ன பேசுவது?

பெரும்பாலும் நம் வாய்க்கு உடனே வருவது இரண்டு வாக்கியங்கள். "ஆன்மாவுக்கு அழிவில்லை." "எல்லாம் அவரவர் வினைப்பயன்." இரண்டும் நம் சமயம் சொல்லும் பெரிய உண்மைகள்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உண்மையாக இருப்பதாலேயே ஒரு சொல் ஆறுதலாகிவிடுமா? அதுதான் என் கேள்வி.

அம்பாங்கில் இருப்பவர்கள் இதை யோசிக்கத் தூரம் போக வேண்டியதில்லை. 1993 டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு தொகுதி சரிந்தது. 48 பேர் இறந்தார்கள். பல நாள் மழை. பின்பக்கத்து மலைச்சரிவு இறங்கிவிட்டது. 2000ஆம் ஆண்டில் தீர்ப்புச் சொன்ன உயர் நீதிமன்றம் பல தரப்பினரின் அலட்சியத்தைச் சுட்டிக்காட்டியது. இப்போது நினைத்துப் பாருங்கள். அந்த 48 பேரின் சொந்தங்களுக்கு முன்னால் ஒருவர் எழுந்து, "அவங்க விதி அவ்வளவுதான்" என்று பேசினால் எப்படி இருக்கும்? மண்ணையும் தண்ணீரையும் கவனிக்காமல் விட்டவர்களின் பொறுப்பைத் தூக்கி, இறந்தவர்களின் முற்பிறவிமேல் வைத்தது போல இருக்கும். அவரவர் வினை என்பது என் வாழ்க்கையை நான் எடைபோட உதவும் அளவுகோல். அடுத்தவர் வீட்டுச் சாவை அளக்க அதை நீட்டக்கூடாது.

"அப்படியென்றால் கீதையில் கண்ணன் சொன்னது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கண்ணன் யாரிடம், எப்போது அதைச் சொன்னான் என்று பார்க்க வேண்டும். அர்ஜுனன் அப்போது யாரையும் இழந்திருக்கவில்லை. கடமைக்கு முன்னால் கலங்கி நின்றவன் அவன். பறிகொடுத்த குடும்பத்தின் முன் கண்ணன் எப்படிப் பேசினான் என்பது மகாபாரதத்தில் வேறொரு இடத்தில், அசுவமேதிக பருவத்தில் இருக்கிறது.

போர் முடிந்து துவாரகைக்குத் திரும்பிய கண்ணன், தந்தை வசுதேவருக்கு நடந்ததையெல்லாம் சொல்கிறான். அபிமன்யுவின் மரணத்தை மட்டும் விட்டுவிடுகிறான். வயதானவர் தாங்கமாட்டார் என்ற எண்ணம். பக்கத்தில் இருந்த சுபத்திரை, அபிமன்யுவைப் பெற்றவள், "என் மகன் இறந்ததையும் சொல்" என்று கேட்டு மயங்கி விழுகிறாள். வசுதேவரும் பேரனைப் பற்றிக் கேட்கிறார். அதன்பிறகு கண்ணன் சொல்கிறான்: பலர் சூழ்ந்தபோதும் அந்தப் பிள்ளை முதுகு காட்டவில்லை, இப்படிப் போரிட்டான், இப்படி விழுந்தான். அவன் சுவர்க்கம் அடைந்திருப்பான் என்பதையும் சொல்கிறான். ஆனால் அது பின்னால் வருகிறது. இதையெல்லாம் கேட்ட பிறகே வசுதேவர் பேரனுக்குச் சிராத்தம் செய்கிறார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆள், பிறகு தத்துவம். நாம் பேசும்போது இதைத்தான் தலைகீழாக்கிவிடுகிறோம்.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 2014 ஜூலை 17ஆம் தேதி எம்.எச்.17 விமானம் உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டது. இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். பெரும்பான்மையோர் நெதர்லாந்து நாட்டவர். நான்கு நாள் கழித்து அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் ஃபிரான்ஸ் டிம்மர்மன்ஸ் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் பேசினார். கடைசி நொடியில் அவர்கள் கையோடு கை கோத்திருப்பார்களா, பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்திருப்பார்களா என்று கேள்வி கேள்வியாக அடுக்கினார். அது நமக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னார். கேள்விகளை அடுக்குவது பேச்சாளர்கள் காலங்காலமாகக் கையாளும் உத்திதான். ஆனால் அங்கே அந்த உத்தி 298 என்ற எண்ணை மறுபடியும் அப்பா, அம்மா, பிள்ளை ஆக்கியது. ஏன் இப்படி நடந்தது என்று மரணத்துக்குக் காரணம் கற்பிக்கவில்லை. அதனால்தான் உலகம் முழுக்கப் பலர் நெகிழ்ந்தார்கள்.

அதே மனிதர் சில மாதம் கழித்து ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், பயணி ஒருவர் பிராணவாயு முகமூடியோடு காணப்பட்டார் என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டுப் பல குடும்பங்கள் அதிர்ந்துபோயின. பிறகு அவரே வருத்தம் தெரிவித்தார். பேச்சு வன்மை அதேதான். ஆனால் கேட்கும் குடும்பத்தை மறந்த நொடியில் அது காயமாகிவிட்டது.

நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒப்பாரியில் இறந்தவரை நேரே கூப்பிட்டுப் பேசுவார்கள். நீ வாங்கித் தந்த சேலை, நீ நடந்து வந்த பாதை, நீ சாப்பிடாமல் போன சோறு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வார்கள். அதில் அலங்காரம் இல்லையா? நிறையவே உண்டு. ஆனால் அந்த அலங்காரம் அத்தனையும் இறந்தவருக்குப் போட்ட மாலை. பாடியவர் தன் கழுத்தில் போட்டுக்கொண்டதல்ல.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை உங்களை யாராவது பேசக் கூப்பிட்டால், பேசுவதற்கு முன் வீட்டாரோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். எதை வெளியே சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 'அன்னார்' என்று தள்ளி நிற்காமல் பெயரைச் சொல்லுங்கள். காலையில் முதல் ஆளாகக் கோயிலைக் கூட்டினாரா, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டாரா, அதைச் சொல்லுங்கள். தெரியாத காரணத்தைத் தெரிந்த மாதிரி விளக்காதீர்கள். ஆன்மா அழியாது என்ற நம்பிக்கை அந்தக் குடும்பத்துக்கும் உண்டு. தேவாரம் பாடும்போது அது தானாக வரும்.

பேசி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நாலு வார்த்தையில் விட்டுப்போனதை அது சொல்லும்.