எது பழையது?

விழுப்புரம் சந்திப்பில் இரயிலுக்குக் காத்திருப்பவன் கையில் படக்கருவி இருந்துவிட்டால் பொழுது போவதே தெரியாது. தலைச்சுமைக் கூடையும் சக்கரம் வைத்த பெட்டியும் ஒரே படிக்கட்டில் ஏறுகின்றன. பனையோலை விசிறி விற்பவரின் சட்டைப் பையில் கைப்பேசி ஒலிக்கிறது. பழமையையும் புதுமையையும் ஒரு சட்டத்துக்குள் அடக்கிவிட்டால் பார்ப்போர் வியந்து நிற்பர். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே படம் பிடித்து வந்தேன்.

ஒருநாள் திண்டிவனம் பேருந்து நிலையத்தருகே, அவித்த மல்லாட்டை விற்கும் முதியவர் ஒருவரைக் கண்டேன். கையிலே தேய்ந்து பளபளத்த உழக்கு. தள்ளுவண்டியிலே கைப்பேசி வழியே பணம் பெறும் அட்டை. இரண்டும் படத்தில் இரு பாதிகளாய் அமைந்தன. அதனை அவரிடமே காட்டி, "‘நேற்றும் இன்றும்’ என்று இதற்குப் பெயர் வைக்கப் போகிறேன், பெரியவரே" என்றேன். அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுல நான் நேத்தா, இன்னைக்கா, பாய்? உழக்கும் என்னுது, அட்டையும் என்னுதுதானே?" என்றார்.

விடை கூற இயலாது நின்றேன். அவர் வாழ்வில் அவ்விரு பொருள்களும் பிணக்கின்றி இருந்தன. பிணக்கு நான் வகுத்த சட்டத்திலன்றோ இருந்தது!

அவர் அளந்த மல்லாட்டையையே எண்ணிப் பாருங்கள். நிலக்கடலை தென்னமெரிக்காவில் தோன்றிக் கடல் கடந்து வந்த பயிர். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்னும் இரகம் அந்நாளில் புதுமை; இன்றோ அதனைப் பழைய இரகம் என்கிறோம். ஆகவே பழையது, புதியது என்பவை பொருளின் குணங்களல்ல. பார்ப்பவன் நிற்கும் இடத்தைக் காட்டும் சொற்களேயாகும்.

அப்படியாயின் படமே எடுக்கலாகாதா? அவ்வாறு கூறுவதும் நேர்மையாகாது. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை சென்ற மீட்டர் பாதை 2010-இல் அகலப் பாதையாய் மாறிவிட்டது. அக்குறும்பாதையின் தோற்றத்தை நம் பேரர்களுக்குக் காட்டப் படங்களே துணை. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழகப் புகைப்பட நிலையங்களின் படங்களைத் தேடிப் பதிவு செய்தது. படம் ஒரு சாட்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால் சாட்சிக்கும் பொறுப்புண்டு. ஒருவரைப் பற்றி, அவரில்லாதபோது அவர் வெறுக்கும் வண்ணம் பேசுவது புறம். சொல்வது உண்மையாயினும் அது புறமே என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். நாவுக்குரிய இவ்வெச்சரிக்கை படக்கருவிக்கும் பொருந்துமன்றோ? படம், அதில் உள்ளவர் இல்லாத சபைகளிலெல்லாம் அவரைப் பற்றிப் பேசுகிறது. "உள்ளதைத்தானே எடுத்தேன்" என்று நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஒரு மனிதரைக் காலம் கடந்த பொருளாகக் காட்டி நம் புதுமைக்கு அழகு சேர்த்துக்கொண்டால், உள்ளதைக் கொண்டே அவரைச் சிறுமைப்படுத்தியவர்களாவோம்.

நம் இல்லங்களில் மூத்தோரைப் படமெடுக்கும் இளையோரும் இதனைச் சிந்திக்க வேண்டும். அம்மி அரைக்கும் பாட்டியைப் ‘பழைய காலம்’ என்று பெயரிட்டு ஊருக்கெல்லாம் அனுப்புமுன், அவரிடம் ஒரு சொல் கேட்டால் என்ன? அவர் நம் காலத்தில், நம்மோடு வாழ்பவரல்லவா?

அன்று நானும் கேட்டேன். "அப்படியானால் இப்படத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?"

முதியவர் உழக்கை நிரப்பியபடியே, "வியாபாரம்னு போடுங்க பாய்" என்றார்.

அவ்வாறே எழுதி, ஒரு பிரதியை அவரிடம் சேர்ப்பித்தேன்.