பெருவிரலும் பதிவேடும்

நினைவு மட்டும் போதாது என்று கண்ட பின்னரே மனிதன் எழுதி வைக்கத் தொடங்கினான். மெசப்பொத்தேமியாவில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகைகளைப் படித்தவர் பலர் ஏமாற்றம் அடைவர். அவற்றுள் பெரும்பாலானவை காவியம் அல்ல. தானியக் கணக்கு, கால்நடைக் கணக்கு, ஆள் கணக்கு. எழுத்து பிறந்தபோதே பதிவேடும் பிறந்துவிட்டது. யார் எழுதுகிறார், யாரைப் பற்றி எழுதுகிறார், எழுதப்பட்டவனுக்கு அந்த எழுத்தின்மேல் உரிமை உண்டா என்னும் வினாக்களும் அன்றே பிறந்துவிட்டன.

கோலா குபு பாரு என்னும் ஊரின் பெயரிலேயே ஒரு மறதி ஒளிந்திருக்கிறது. 'பாரு' என்றால் புதியது. புதியது என்று ஒன்று இருந்தால் பழையது ஒன்று இருந்திருக்க வேண்டும். 1883-ஆம் ஆண்டு அக்டோபரில் அணை உடைந்து பழைய கோலா குபு வெள்ளத்தில் அழிந்தது. பின்னும் வெள்ளமும் ஈயச் சுரங்க மணலும் ஊரை விடாமல் துரத்த, 1920-களில் மேட்டு நிலத்தில் புதிய நகர் வகுக்கப்பட்டது. 1883 வெள்ளத்தில் மாண்டவருள் வரலாறு தவறாமல் சொல்லும் பெயர் ஒன்றே. அது மாவட்ட ஆட்சியாளராய் இருந்த சிசில் ரேங்கிங் என்னும் ஆங்கிலேயருடையது. அவருடன் மடிந்த எளியோர் எண்ணிக்கையாய் நின்றனர், பெயராய் நிற்கவில்லை. பதிவேடு எல்லாரையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை என்பதற்கு இவ்வூரின் முதற்பாடம் இதுவே.

அந்தப் புதிய நகரைச் சூழ்ந்து வடக்குச் சிலாங்கூரின் ரப்பர்த் தோட்டங்கள் விரிந்தன. கெர்லிங், களும்பாங், பத்தாங் காலி எனத் தமிழர் வாழ்ந்த தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள்கள் வரிசையாய் நின்றனர். கிராணியார் செக்ரோல் புத்தகத்தில் பெயர் போட்டார். போடப்பட்ட பெயருக்குக் கூலி உண்டு. விடுபட்ட பெயருக்கு இல்லை. இலங்கை மலையகத்தில் அரை நாள் கூலியை 'அரைப்பேர்' என்றே சொல்வார்கள். உழைப்பு பாதியானால் மனிதனின் பேரே பாதியாகிவிடுகிறது! கங்காணி முறை நிலவிய காலத்தில் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்காகவும் கங்காணிக்குத் 'தலைக்காசு' கிடைத்தது. உழைத்தவன் ஒருவன், அவன் வருகை பதிவானதால் பயன் பெற்றவன் மற்றொருவன். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வுக்குத் தடை விதித்தபோது அம்முறை ஓய்ந்தது. ஆனால், பதிவு யாருக்காக என்னும் வினா ஓயவில்லை.

ஆங்கிலத்தில் 'இண்டெஞ்சர்' என்றொரு சொல் உண்டு. 1910-இல் மலாயாவில் நிறுத்தப்பட்ட ஒப்பந்தக் கூலி முறைக்கும் அதுவே பெயர். ஐரோப்பியக் கைவினைக் கூடங்களில் தொழில் பழகச் சேர்ந்த சிறுவனின் உடன்படிக்கைக்கும் அதுவே பெயர். சொல்லின் வேர் பல் என்னும் பொருளுடையது. அக்காலத்தில் உடன்படிக்கையை ஒரே தோலில் இருமுறை எழுதி, இடையே பற்களைப் போல் வளைத்து வெட்டுவர். ஒரு பாதி குருவிடம் இருக்கும். மறு பாதி மாணவன் பக்கத்தாரிடம் இருக்கும். ஐயம் எழுந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பர். பல் பொருந்தினால் உண்மை, பொருந்தாவிட்டால் பொய். இங்கிலாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் பழகுவோர்க்கு ஏழாண்டுக் காலம் வகுத்தது. கடுமையான முறைதான், எனினும் பதிவில் பாதி பழகுவோன் பக்கம் இருந்தது. தோட்டத்துக்கு வந்த ஒப்பந்தக் கூலியின் நிலை வேறு. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினார். தாளில் எழுதியிருந்தது என்ன என்பதை அவரால் படித்தறிய முடியவில்லை. பெயர் ஒன்றாகவே இருந்தது. பொருள் தலைகீழாய்ப் போயிற்று.

இன்று அத்தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்டன; சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் ரவாங், செரண்டா, தஞ்சோங் மாலிம் பக்கத்து வாகனத் தொழிற்சாலைகளையும் பட்டறைகளையும் நோக்கிப் போகின்றனர். அவர்களுக்கென ஒரு வழியும் திறக்கப்பட்டிருக்கிறது. 2005-இல் மலேசியா செருமனியைப் பின்பற்றித் தேசிய இரட்டைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில் நிகழும். எஞ்சியது பயிற்சி மையத்தில் நிகழும். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கப்படுகிறது. மதிப்பிடுவோர் ஒருவர், உள்ளிருந்து சரிபார்ப்போர் ஒருவர், வெளியிலிருந்து வந்து சரிபார்ப்போர் ஒருவர். இவ்வளவையும் நினைவில் வைப்பது இயலாது. ஆகவே ஆளைச் சேர்ப்பது முதல் ஒப்பந்தம், வருகை, செய்த வேலை, தேறிய திறன், சான்றிதழ் வரை அனைத்தையும் கணினி மென்பொருள் பதிந்து வைக்கிறது. அன்றைய செக்ரோல் இன்று திரையில் ஒளிர்கிறது.

இங்கே ஓர் அறச் சிக்கல் தோன்றுகிறது. இத்தகைய பட்டறையொன்றில் உலோகப் பற்றவைப்புப் பழகும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். கை பழகிவிட்டது, பற்றவைத்த இடம் சீராய், துளையின்றி நிற்கிறது. ஆனால் தந்தை நோயுற்றதால் மூன்று வாரம் அவன் வரவில்லை. மென்பொருள் கேட்கும் வருகை விழுக்காட்டுக்குச் சிறிது குறைகிறது. பயிற்றுநர் இரக்கமுள்ளவர். இரண்டு கட்டங்களில் 'வந்தான்' என்று குறித்துவிட்டால் ஓர் ஏழைக் குடும்பம் தலைநிமிரும். குறிக்கலாமா?

குறிக்கலாம் என்று நெஞ்சம் சொல்கிறது. திருக்குறளின் வாய்மை அதிகாரமே சொல்லின் அளவை மட்டும் நோக்காமல், அச்சொல்லால் பிறர்க்கு நேரும் தீமையையும் நன்மையையும் நோக்குகிறது. இந்தப் பொய்யால் யாருக்குத் தீமை? ஒருவருக்கும் இல்லை என்றே தோன்றும்.

சற்று நின்று பார்த்தால் தீமை புலப்படும். சான்றிதழ் என்பது ஓர் இளைஞனுக்கு அளிக்கும் பரிசு மட்டுமன்று; அவனை அறியாத ஒருவருக்குக் கொடுக்கும் வாக்குறுதியும் ஆகும். அவன் பற்றவைத்த படிக்கட்டில் ஏறப்போகிறவர் அவனைக் கண்டதில்லை, பயிற்றுநரையும் கண்டதில்லை. அவர் ஒரு தாளை நம்பிக் கால் வைக்கிறார். இன்று திறனுள்ளவனுக்காகப் போட்ட பொய்க் குறி, நாளை திறனற்றவனுக்காகவும் போடப்படும். இரக்கத்தால் திறந்த கதவில் கைக்கூலியும் நுழையும். அப்போது முதலில் மதிப்பிழப்பது யாருடைய சான்றிதழ்? செல்வாக்கோ உறவோ இல்லாமல் அந்தத் தாளை மட்டுமே கையில் கொண்டு வேலை தேடும் தோட்டத்துப் பிள்ளையின் சான்றிதழ்தான். எளியவனுக்காகச் சொன்ன பொய் எளியவனையே வந்து தாக்குகிறது.

அவ்வாறாயின் 'வரவில்லை' என்று எழுதி, வாயிலை அடைத்துவிடுவதே அறமா? அதுவும் அன்று. 'வரவில்லை' என்பது உடலைப் பற்றிய உண்மை. அவன் கையிலுள்ள திறனைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. நாளைக் கணக்கிட்டுத் திறனை மறுப்பது, ஓர் உண்மையைக் கொண்டு மற்றோர் உண்மையைக் கொல்வதாகும். பொய்க் குறி ஒரு பிழையானால், அரைகுறை உண்மையை முழு உண்மையாக்குவது மற்றொரு பிழை.

பாரதத்தின் ஏகலைவன் இங்கு நினைவுக்கு வருகிறான். துரோணர் அவனை மாணவனாய்ச் சேர்க்கவில்லை. களிமண் உருவின் முன் நின்று தானே பழகினான். அவன் திறன் வெளிப்பட்ட நாளில் மட்டும் துரோணர் குருவானார். காணிக்கையாக வலக்கைப் பெருவிரலைக் கேட்டார். கற்பிக்கும்போது பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. கட்டணம் தண்டும்போது பெயர் வந்துவிட்டது. இக்கதையைக் குருபக்தியின் சிறப்பாகச் சொல்வோர் உண்டு. சாதிக் கொடுமையாகச் சொல்வோரும் உண்டு. பதிவின் அநீதியாகவும் இதைப் படிக்கலாம். ஏகலைவனிடம் உடன்படிக்கையின் மறுபாதி இருந்திருந்தால், அவன் விரல் தப்பியிருக்குமோ என்னவோ!

ஏகலைவர்களுக்கு இன்றைய ஏற்பாட்டில் ஒரு வாயில் உண்டு. பட்டறையில் பல்லாண்டு உழைத்தும் பாடத்திட்டத்தில் சேராதவர், தம் வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறி மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். முன்னனுபவத்தை ஏற்கும் இம்முறை ஓர் அறக்கோட்பாட்டை ஒப்புக்கொள்கிறது: பதிவுக்கு முன்பே திறன் இருக்கிறது, பதிவு அதைப் படைப்பதில்லை, கண்டறிந்து சொல்கிறது. இக்கோட்பாட்டை ஏற்றுக்கொண்டால் பயிற்றுநரின் சிக்கலும் தெளிகிறது. வராத நாளை வராத நாளென்றே எழுதட்டும். ஏன் வரவில்லை என்பதையும் எழுதட்டும். அவன் செய்த வேலையை அளந்து, அதன் முடிவையும் எழுதட்டும். பிறகு விதி இடம் தருமா என்று மேலிடத்தில் வாதாடட்டும். பொய்க் குறி போடுவது எளிது. உண்மையை எழுதிவிட்டு அதற்காகப் போராடுவது அரிது. இரக்கத்துக்கு உழைப்பு வேண்டும். இரண்டு கட்டங்களைத் தட்டிவிட்டு அந்த உழைப்பிலிருந்து தப்பிவிடக் கூடாது.

ஆனால் அவ்வாறு எழுத இடம் வேண்டுமே! பழைய பேரேட்டுக்கு ஓரம் இருந்தது. மனமுள்ள கிராணியார் அந்த ஓரத்தில் 'பிள்ளை பெற்றவள்', 'காய்ச்சல்' என்று சிறிதாய் எழுதி வைக்க முடிந்தது. திரையில் ஓரம் இல்லை. வகுத்த கட்டத்துக்குள் அடங்காததை மென்பொருள் ஏற்பதில்லை. 'கணினி ஏற்கவில்லை' என்னும் சொற்றொடர் இக்காலத்தின் பெரிய சாக்காகிவிட்டது. கணினிக்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. கட்டங்களை வகுத்தவர் ஒரு மனிதர். எந்த வினாவைக் கேட்பது, எதைக் கேளாமல் விடுவது என்று தீர்மானித்தவரும் அவரே. துரோணரின் பொறுப்பைக் களிமண் சிலையின்மேல் சுமத்தலாகாது.

ஓரம் போலவே மறுபாதியும் திரும்ப வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நிறுவனங்கள் தம்மைப் பற்றி வைத்துள்ள விவரங்களைப் பார்க்கவும் பிழையைத் திருத்தச் சொல்லவும் மக்களுக்கு உரிமை தருகிறது. கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் அச்சட்டம் பொருந்தாது. சட்டம் எட்டும் எல்லை வரையறைக்குட்பட்டது. அறம் அதனோடு நின்றுவிட வேண்டுவதில்லை. தொழில் பழகும் இளைஞன் தன் பதிவைத் தானே திறந்து பார்க்கவும், படித்துப் புரிந்துகொள்ளவும், 'இது தவறு' என்று தன் சொல்லையும் சேர்க்கவும் இயல வேண்டும். அவன் தாத்தா ஒற்றியது படிக்க முடியாத தாளில். பேரனின் கைரேகை இன்று அடையாள அட்டையின் சில்லுக்குள் இருக்கிறது. விரல் தேய்ந்தது போதும். கண் திறக்க வேண்டும்.

இது பட்டறைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் ஆண்டுதோறும் ஒவ்வொரு மாணவனுக்கும் 1 முதல் 6 வரை ஓர் அடைவு நிலையைக் கணினியில் பதிகிறார். ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பு ஓர் எண்ணாகச் சுருங்குகிறது. அந்த எண்ணை எழுதும்போது இரண்டு அச்சம் வேண்டும். பொய்யாய் உயர்த்தினால் பிள்ளையை நாளை ஏமாற்றியவராவோம் என்பது ஒன்று. உண்மையாய் எழுதியும் அந்த எண்ணையே பிள்ளையென்று கருதிவிடுவோமோ என்பது மற்றொன்று. முதல் அச்சம் பதிவை நேர்மையாக்கும். இரண்டாம் அச்சம் பதிபவரை மனிதராக்கும்.

பெரட்டுக் களங்களில் இன்று புல் முளைத்திருக்கலாம். பெயர் அழைக்கும் குரல் மட்டும் இன்னும் ஓயவில்லை. வேறு வடிவில் ஒலிக்கிறது. அழைப்பவர், தாம் அழைக்கும் பெயருக்குப் பின்னால் முழு மனிதர் ஒருவர் நிற்கிறார் என்பதை மறவாதிருந்தால், எந்தப் பதிவேட்டிலும் ஒருவர் பேரும் பாதியாகாது.