யார் தலையில் அந்தச் சுமை?

மனிதன் செய்த வேலைகளிலே கடினமானது எது என்று கேட்டால், நம் ஊர்ப் பெரியவர்கள் பனையைத்தான் காட்டுவார்கள். விடியுமுன் பாளை அருவாளோடு ஏற வேண்டும். காலையில் ஏறிய பனையில் மாலையிலும் ஏற வேண்டும். இப்படி 30, 40 பனை. நெஞ்சும் பாதமும் காய்த்துப் போகும். கை நழுவினால் உயிர் இல்லை. இறக்கிய அக்கானியைப் பெண்கள் புகைக்குள் இருந்து காய்ச்ச வேண்டும்.

ஆனால் அதைவிடக் கடினமான வேலை ஒன்று இருந்தது. அதன் பெயர் ஊழியம். பனையேறினால் கருப்பட்டியாவது மிஞ்சும். ஊழியத்தில் எதுவும் மிஞ்சாது. திருவிதாங்கூர் அரண்மனை யானைக்கு ஓலை வெட்டிக் கொடுக்க வேண்டும். அதிகாரி சொன்ன சுமையைச் சொன்ன இடத்துக்குச் சுமக்க வேண்டும். கூலி கிடையாது. மறுத்தால் அடி. அதற்கு மேல் தலைக்கும் வரி, பனையேறும் ஏணிக்கும் வரி. ஆண் தலைப்பாகை கட்டக் கூடாது. பெண் மேல்சீலை போடக் கூடாது. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கவும் கூடாது. உடம்பு பட்ட பாட்டைவிட, "நீ இதற்குத்தான் பிறந்தவன்" என்று கேட்டுக் கேட்டு மனம் குனிந்ததே பெரிய பாடு.

கொல்லம் 1008, மாசி 20 அன்று அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் வந்தார். குனிந்து கிடந்த மக்கள் கையில் அவர் வாளைக் கொடுக்கவில்லை. தவசைக் கொடுத்தார். 700 குடும்பங்கள் வாகைப்பதிக் கடற்கரைக்குப் போயின. ஆணும் பெண்ணும் தினமும் மூன்று வேளை கடலில் குளித்தார்கள். உடுத்த துணியைத் துவைத்தார்கள். ஒரு வேளை மட்டும் உண்டார்கள். உப்புக் காற்றிலும் வெயிலிலும் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அதுதான் துவையல் தவசு.

இதற்கும் கூலி இல்லை. இதுவும் உடம்பை வாட்டியது. ஆனால் ஊழியம் செய்தவன் குனிந்து போனான். தவசு செய்தவன் நிமிர்ந்து வந்தான். ஏன்? அங்கே பயந்து சுமந்தான்; இங்கே அய்யாவை நம்பித் தானே முன்வந்தான். துணியில் இருந்த அழுக்கோடு, தான் தாழ்ந்தவன் என்ற எண்ணமும் கடலோடு போயிற்று.

அன்பர்களே, அந்தத் தவசு முடிந்துவிட்டதா? இன்று தலைப்பாகை கட்டிப் பதிக்குள் நிமிர்ந்து நிற்கிறோம். வீட்டுக்குத் திரும்பியதும் என்ன செய்கிறோம்? மனிதனைக் கொண்டு மலம் அள்ள வைப்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் நம் வீட்டுக் கழிவுத் தொட்டி நிறைந்தால், உள்ளே இறங்க ஓர் ஆளைத்தானே தேடுகிறோம்? வேலை முடித்தவனுக்குத் தண்ணீர் கேட்டால் எந்தத் தம்ளரில் கொடுக்கிறோம்? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கூலியை எத்தனை நாள் இழுத்தடிக்கிறோம்? இதுவும் ஊழியம்தான். அன்று அது நம் தலையில் இருந்தது. இன்று நாமே அதை இன்னொருவர் தலையில் ஏற்றினால், கலிநீசன் எங்கே இருக்கிறான் என்று வெளியே தேட வேண்டாம்.

தன் சுமையை இறக்கி வைப்பது கடினம். இறக்கிய சுமையைப் பிறர் தலையில் ஏற்றாமல் இருப்பது அதைவிடக் கடினம். எல்லாச் சாதியாரையும் முத்திரிக் கிணற்றில் ஒன்றாகக் குளிக்க வைத்த அய்யா நம்மிடம் கேட்கும் வேலை இதுதான். கூலியை அன்றைக்கே கொடுங்கள். குடிக்கத் தண்ணீரை நாம் குடிக்கும் தம்ளரிலே கொடுங்கள். ஆபத்தான குழிக்குள் எந்தத் தாய் பெற்ற பிள்ளையையும் இறக்காதீர்கள். எந்திரம் வைத்துச் செய்யுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உகப்படிப்புக்கு நிற்கும்போது நம் தலைப்பாகைக்கு அதுவே அழகு.

அய்யா துணை. அய்யா உண்டு.