மூன்றாவது மரம்

கிள்ளை தாண்டியதும் காற்றில் உப்பு. வெயில் இன்னும் ஏறவில்லை.

*

துடுப்பு இறங்குகிறது. எழுகிறது. சொட்டு விழும் சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

*

ஓதம் இறங்குகிறது. வேர்களில் ஈரச்சேறு. வேரோடு ஒட்டிய சிப்பிகள் வாய் திறக்கவில்லை. எங்கோ ஒரு 'டப்'. நண்டோ, மீனோ.

*

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பிச்சாவரம் அலையாத்திக் காடு. இன்று மூன்று மரம் போதும்.

*

படகுக்காரர் கை நீட்டுகிறார். சுரபுன்னை. அடுத்தது? அதுவும் சுரபுன்னை. அதற்கடுத்ததும்.

நோட்டில் மூன்று வரி காலியாக இருக்கிறது.

*

முதல் மரம். கொழுந்தை மூடிய உறை சிவப்பு. குட்டையான, தடித்த பூக்காம்பு. அதில் இரண்டு மொட்டு. அடுத்த காம்பிலும் இரண்டு. இதழில் மயிர் இல்லை. ரைசோபோரா அபிகுலேட்டா.

இரண்டாவது. இலை அகலம். காம்பு மெலிந்து தொங்குகிறது. மொட்டுகள் கூடுதல். இதழோரம் வெள்ளை மயிர். ரைசோபோரா மியூக்ரனேட்டா.

*

மூன்றாவது மரத்தடியில் படகு நிற்கிறது.

இலை அதுபோலவும் இருக்கிறது, இதுபோலவும். காம்பு நீளமுமில்லை, குட்டையுமில்லை. லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோகிறேன். இதழோரம் மயிர் இருக்கிற மாதிரி. மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குகிறது. துடைக்கிறேன். மறுபடி மங்குகிறது.

*

1995. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன் இந்த மூன்றாவதைத் தனி இனமாகப் பதிவு செய்கிறார். ரைசோபோரா அண்ணாமலயானா. இரண்டு வருடம் கழித்துச் சென்னையில் டி.என்.ஏ. பார்க்கிறார்கள். முதலிரண்டின் கலப்பு. பெயருக்கு நடுவே இப்போது ஒரு பெருக்கல் குறி.

கலப்பு என்று எழுதும்போது ஏதோ குறைந்துபோனது போல ஓர் எண்ணம். வருகிறது. கொஞ்சம் இருக்கிறது. போகிறது.

*

கரையோரம் தில்லை. ஒடித்தால் பால். கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பார்கள். தொடவில்லை.

சிதம்பரத்தின் பழைய பெயர் இந்த மரம். கோயிலைச் சுற்றி இன்று அது இல்லை. இங்கே, சேற்றில்.

*

வேர்மேல் ஒரு கொக்கு. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எப்போது போனது?

*

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் போலத் தொங்கும். முதல் மரத்தில் தொங்குகிறது. இரண்டாவதில் இன்னும் நீளமாக.

மூன்றாவதில் கிளை கிளையாகத் தேடுகிறேன். படகுக்காரர் துடுப்பை மடியில் வைத்துக்கொள்கிறார். அவரும் அண்ணாந்து பார்க்கிறார்.

நோட்டில் எழுதுகிறேன். பூ: உண்டு. காய்: இல்லை.