இரண்டாவது பக்கெட்

கார் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி, வெயில் இன்னும் மதில்மேல் ஏறவில்லை. குனிந்து பானெட்டைப் பக்கவாட்டில் பார்த்தேன். கருநீலப் பெயிண்ட்டில் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள். முந்தின நாள் அம்மா வாசல் தெளித்தபோது பட்ட துளிகள், காய்ந்து அப்படியே நின்றிருந்தன. ஈரத்துணியால் ஒத்தினேன். மறைந்தன. துணி காய்ந்ததும் திரும்ப வந்தன.

திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பா அங்கிருந்தே சொன்னார். "அது அழுக்கு இல்லடா கண்ணு. உப்பு. தேச்சாப் போகாது."

சாயப்பட்டறையில் இருபது வருஷத்துக்கு மேல் நின்ற மனிதர் அவர். உப்பைப் பற்றி அவர் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் புதுக் கார். 84 தவணை. நியாயமாகப் பார்த்தால் அந்த பானெட் இன்னும் வங்கியுடையது. ஆனாலும் அதை வேறு யார் கையிலும் விட மனசு வரவில்லை. வாட்டர் வாஷ் கடைகளில் ஒரே துணியால் பத்து வண்டி துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு வாரம் ராத்திரி உட்கார்ந்து வீடியோக்களாகப் பார்த்து, வீட்டிலேயே கழுவி வேக்ஸ் போடும் வித்தையைக் கற்றுக்கொண்டேன்.

முதல் பாடம்: கார் பெயிண்ட் நாம் நினைப்பதுபோல ஒரே பூச்சு அல்ல. தகட்டின்மேல் துருத்தடுப்பு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத ஒரு கண்ணாடிப் படலம். நாம் பளபளப்பு என்று சொல்வது அந்தக் கடைசிப் படலத்தைத்தான். எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். மேல் படலம் அதிலும் பாதிக்குள். கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டு எடுக்கலாம் என்கிறோம். உண்மையில் பாலிஷ் கீறலை எடுப்பதில்லை, கீறலைச் சுற்றியிருக்கும் பெயிண்ட்டைத்தான் அதன் ஆழத்துக்குத் தேய்த்துக் குறைக்கிறது. ஒவ்வொரு பளபளப்பும் ஒரு கழித்தல் கணக்கு.

அந்தக் கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதே விழுகின்றன. தூசி சாலையில் இருக்கும்வரை தூசிதான், துணிக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவில் மாட்டினால் அது உப்புத்தாள். அதனால்தான் இரண்டு பக்கெட் முறை. ஒன்றில் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். சோப்பில் நனைத்து ஒரு பகுதியைக் கழுவ வேண்டும். மறுபடி சோப்பில் நனைப்பதற்கு முன் இரண்டாவது பக்கெட்டில் அலசி மண்ணை அங்கே விட்டுவிட வேண்டும். கூரையில் ஆரம்பித்துக் கீழே வரணும், வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் போகணும், நிழலில் செய்யணும், தண்ணீர் தானாகக் காய்வதற்குள் ஒற்றி எடுத்துடணும்.

துடைக்க மைக்ரோஃபைபர் துணி ஆன்லைனில் வாங்கியிருந்தேன். அதைப் பார்த்துதான் அப்பாவுக்குச் சிரிப்பு. "திருப்பூர்ல இருந்துட்டு துடைக்கிற துணிய வெளியூர்ல வாங்கறியா? பனியன் வேஸ்ட் என்னடா பாவம் பண்ணுச்சு?" நம் ஊர் கட்டிங் வேஸ்ட் எத்தனையோ ஊர்களின் ஒர்க் ஷாப்களில் கிரீஸ் துடைக்கிறது. என் காருக்கு மட்டும் அது ஆகாது என்று விளக்கப் போய் நானே பாதியில் நிறுத்திவிட்டேன்.

எல்லாம் முடிந்தபோது கார் பளிச்சென்று நின்றது. சோப்பு பக்கெட் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. இரண்டாவது பக்கெட்டில் பழுப்பாக ஒரு கலங்கல், அடியில் விரலால் தொட்டால் நறநறக்கும் மண். அம்மா எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இந்தத் தண்ணிய எங்கடா ஊத்தப் போற? கறிவேப்பிலைக்கு ஊத்திராத."

பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன். தெருச் சாக்கடையில் கொட்டினேன். எங்கள் தெருச் சாக்கடை ஜம்மனை ஓடைக்குப் போகும். ஓடை நொய்யலுக்குப் போகும். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. நான் காரைச் சுத்தம் செய்யவில்லை. காரிலிருந்த அழுக்கை இடம் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான். ஒரு பொருளை நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்றால், அதிலிருந்து நாம் எடுத்த அழுக்கை யார் பார்த்துக்கொள்வது?

பானெட்டில் இருந்த அந்த உப்பிடம் திரும்பி வருகிறேன். எங்கள் பகுதி பாறை நிலம், போர் தண்ணீர் இயல்பிலேயே கொஞ்சம் கடினம்தான். அதன்மேல் சாயம் சேர்ந்தது. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு எதற்கு என்று அப்பா எனக்குப் பள்ளிக்கூடத்தைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். தண்ணீரில் நனைந்த பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று தள்ளிவிடும், இரண்டுக்கும் ஒரே மின்னேற்றம். நடுவில் புகுந்து அந்தச் சண்டையைத் தீர்த்து, சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளிவிடுவது உப்பு. பிறகு சோடா போட்டால் சாயம் துணியோடு பிணைந்துவிடும். உப்புக்கு அங்கே வேலை முடிந்தது. துணியில் சாயம் நிற்கும், உப்பு நிற்காது. மூட்டை மூட்டையாக உள்ளே போன உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும்.

எங்கே போனது? வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் பக்கம் காவிரியில் சேரும் நொய்யலுக்குப் போனது. ஊருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992இல் ஓர் அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. அந்த அணையில் சாயக்கழிவுதான் தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. அணையைத் திறக்காதே என்று ஒரு விவசாயி சொல்வதைவிடக் கொடுமையான வாக்கியம் இந்த மண்ணில் இருக்க முடியுமா, தெரியவில்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டார்கள். உச்சநீதிமன்றம் வரை போய் 2009இல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்பது அதன் சாரம். 2011 ஜனவரி 28ஆம் தேதி, சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள்.

உலகம் முழுக்க மனிதர்கள் உடுத்திய வெளுத்த, கறுத்த, சிவந்த டி-ஷர்ட்டுகளுக்கு நொய்யல்தான் இரண்டாவது பக்கெட்.

என் பானெட்டில் இருந்த வெள்ளை வட்டத்தில் எவ்வளவு பாறையுடையது, எவ்வளவு எங்கள் ஊருடையது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. கறை தன்மேல் பெயர் எழுதிக்கொண்டு வருவதில்லை. பொறுப்பு நழுவிப்போவதும் இந்தச் சந்தில்தான்.

ஜான் லாக் என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் உடைமைக்கு ஒரு நியாயம் சொன்னார். இயற்கையில் கிடப்பதோடு ஒருவன் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் கழுவுகிறவர்களுக்கு இது தத்துவமே அல்ல, அனுபவம். வங்கிக் கடன் தீராத வண்டி, இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்தபின் என்னுடையதாகிவிடுகிறது. ஆனால் லாக் கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். நீ எடுத்துக்கொண்டபின் மற்றவர்களுக்கும் போதுமான அளவு, அதே தரத்தில் மிஞ்சியிருக்க வேண்டும். முதல் பாதியை நாம் எல்லாருமே பிடித்துக்கொண்டோம். இரண்டாம் பாதி ஒரத்துப்பாளையத்தில் நிற்கிறது.

இதை அப்பாவிடம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. "நாம பண்ணது தப்புத்தானுங்கப்பா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தப்புத்தான். அந்தத் தப்புலதான் நீ காலேஜ் போன. பதினொன்னுல பட்டறைய மூடினப்போ உங்கம்மா நகை போச்சு, ஞாபகம் இருக்கா? ஆத்துக்கு நல்லது நடந்துச்சுன்னு பேப்பர்ல போட்டான். நெசந்தான். எனக்கு அந்த மாசம் சம்பளம் இல்ல, அதுவும் நெசந்தான்."

இங்கேதான் என் அழகான உவமை தடுமாறுகிறது. ஆற்றை இரண்டாவது பக்கெட் என்றேன். அப்பா? வின்ச் மெஷின் ஆவியில் நின்று, எந்தச் சோப்புக்கும் போகாத நிறத்தோடு வீட்டுக்கு வந்த கைகள். முதலாளியின் லாபத்துக்கும் வாங்குபவனின் மலிவு விலைக்கும் அவரும்தான் இரண்டாவது பக்கெட். பட்டறை ஓடியபோது அழுக்கை ஆறும் அவரும் வாங்கினார்கள். பட்டறை மூடியபோது சுத்தத்தின் விலையையும் அவரே கட்டினார். சூழல் பேசுகிற நம்மில் பலர் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறோம். மாசுபடுத்தியவர் ஈடு கட்ட வேண்டும் என்பது சரி. அந்தப் பணம் கடைசியில் யார் சட்டைப்பையிலிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்த நியாயம் முழுசாகும்.

பொதுவில் கிடப்பதை மனிதர்கள் அழித்துத்தான் தீர்ப்பார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். தன்னுடைய காரென்றால் துடைப்பான், எல்லாருடைய ஆறென்றால் கொட்டுவான். திருப்பூரைப் பார்த்தால் அவர் சொன்னது சரிபோலத் தோன்றும். ஆனால் எலினார் ஆஸ்ட்ரம் ஊர் ஊராக ஆராய்ந்து 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். தங்களுக்குள் விதி வகுத்து, மீறுகிறவரைக் கண்காணித்து, பொதுச் சொத்தைத் தலைமுறைகளாகக் காத்த மக்கள் உண்டு என்று காட்டினார். 2009இல், நொய்யல் தீர்ப்பு வந்த அதே ஆண்டில், பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண் அவர்.

நமக்கு இது புதுசா என்ன? குடிமராமத்து என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. ஏரியையும் வாய்க்காலையும் வருஷா வருஷம் ஊரே தூர்வாரிச் செப்பனிடும் வழக்கம். அதைப் புனிதமாக்க நான் விரும்பவில்லை. அதிலும் யார் மண் சுமந்தார்கள், யார் கரைமேல் நின்று பார்த்தார்கள் என்ற சாதிக் கணக்கு இருந்தது. ஆனாலும் அந்தச் சொல்லுக்குள் ஒரு அறிவு இருக்கிறது. தூர்வாருவது என்றால் வண்டலை எடுப்பது மட்டுமல்ல, எடுத்த வண்டலை எங்கே போடுவது என்பதும் வேலையின் பகுதி. வண்டல் வயலுக்குப் போனது. இரண்டாவது பக்கெட்டையும் கணக்கில் வைத்திருந்த பராமரிப்பு அது.

2011க்குப் பிறகு திருப்பூர் தன் இரண்டாவது பக்கெட்டைத் தானே பிடிக்கக் கற்றுக்கொண்டது என்று சொல்லலாம். கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பது விதி. சவ்வில் வடிகட்டி, ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். பெரிய காரியம், செலவு பிடித்த காரியம். ஆனால் அங்கேயும் கடைசியில், எதற்கும் உதவாத கலப்பு உப்பும் சகதியும் மூட்டைகளாக மிஞ்சி, கொட்டகைகளில் அடுக்கப்படுகின்றன. பக்கெட் மறையவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு வந்திருக்கிறது. எனக்கு அதுவே பாதி நேர்மை என்று படுகிறது.

உப்புக் கறைக்கு வழி, பாதி வினிகரும் பாதி தண்ணீரும். ஒற்றி, கொஞ்சம் விட்டு, உடனே நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். போய்விட்டது. பிறகு வேக்ஸ். டப்பாவில் கார்னாபா என்று போட்டிருந்தது. பிரேசிலின் வடகிழக்கில், வறண்ட நிலத்தில் வளரும் ஒரு பனை. தன் ஈரம் வெயிலுக்குப் போகாதிருக்க அது ஓலைமேல் பூசிக்கொள்ளும் மெழுகு. மரம் தண்ணீரைக் காக்கச் சுரந்ததை, நான் தண்ணீர் ஒட்டாதிருக்க என் பானெட்டில் தேய்க்கிறேன். அந்த ஓலைகளை வெட்டுகிறவர்களில் சிலர் அடிமைகள்போல நடத்தப்படுவதாக 2017இல் ஒரு ஜெர்மன் தொலைக்காட்சிப் படம் காட்டியது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அங்கேயும் ஒரு அப்பா.

என்ன செய்யலாம்? வேக்ஸைக் குப்பையில் போட்டிருந்தால் கட்டுரைக்கு நன்றாக இருந்திருக்கும். நான் போடவில்லை. அது அந்தத் தொழிலாளிக்கும் உதவாது, என் மனசாட்சிக்கு ஒரு பாலிஷ், அவ்வளவுதான். அதுவும் கழித்தல் கணக்கில்தான் வரும். மெல்லிசாகப் பூசினேன், மங்கலாகும்வரை விட்டேன், துடைத்தேன்.

இப்போது மாதம் ஒருமுறைதான் கழுவுகிறேன். அலசும் பக்கெட்டை உடனே கொட்டுவதில்லை. ஒரு ராத்திரி மதிலோரம் வைத்துவிடுகிறேன். காலையில் மேலே தெளிந்திருக்கும், அடியில் மண் தங்கியிருக்கும். தெளிந்ததை வைத்து டயரையும் வீல் வளைவையும் கழுவுகிறேன், மண்ணைக் காயவைத்து அள்ளிவிடுகிறேன். இதனால் நொய்யலுக்கு எந்த நன்மையும் இல்லை, எனக்கே தெரியும். கார் எவ்வளவு அழுக்காக இருந்தது என்று ஒரு ராத்திரியாவது வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிறேன். நான் செய்வது அவ்வளவுதான்.

போன ஞாயிறு எழுந்து வந்தபோது அப்பா அந்தப் பக்கெட் பக்கத்தில் குந்தியிருந்தார். விரலை விட்டு நுனியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தார். பட்டறையில் தண்ணீரை அப்படித்தான் பார்ப்பார்களாம்.

"எப்படிங்கப்பா இருக்குது?"

துப்பிவிட்டு, தோளில் கிடந்த பழைய பனியனில் விரலைத் துடைத்தார்.

"இன்னும் நம்ம ஊர்த் தண்ணிதான்டா."