பற்றின்மையும் கனியின் பரீட்சையும்

பலனில் பற்று வையாது கருமம் இயற்ற வேண்டும் என்னும் கீதையின் போதனையை உள்ளபடி ஏற்றுக்கொண்ட ஒருவன், தன் உழைப்பின் விளைவு நன்றாக அமைந்ததா என்று ஆராயலாமா, ஆகாதா? ஆராயலாம் என்றால் விட்டதாகச் சொன்ன ஆசை அந்த ஆராய்ச்சிக்குள்ளேயே ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறது. ஆகாது என்றாலோ, தொழிலிற் செம்மை என்பதற்கே இடமின்றிப் போய், அசிரத்தையும் வைராக்கியமும் வேற்றுமை தெரியாதபடி ஒரே வேடத்தில் நம்முன் வந்து நிற்கின்றன. இந்த ஐயத்தை ஏட்டளவில் வைத்துத் தர்க்கிப்பதைக் காட்டிலும், விளைவைச் சோதிப்பதையே ஒரு சாஸ்திரமாக வளர்த்திருக்கும் ஒரு தொழிலின் வாயிலாக நோக்குவது நலம். இனிப்புச் செர்ரி சாகுபடி அத்தகைய தொழில்.

அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களில், 'பிங்' என்னும் கருஞ்சிவப்புச் செர்ரியைப் பயிரிடுவோர், அறுவடை நெருங்க நெருங்கக் கனிகளைப் பறித்து, நிற அட்டையோடு ஒப்பிட்டு, குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, சதையின் உறுதியைக் கருவியால் அழுத்தி அறிந்து, காம்பு பசுமையாக இருக்கிறதா என்று கவனித்து, சாற்றில் ஒரு துளியை ஒளிவிலகல்மானியில் இட்டுச் சர்க்கரையின் அளவையும் கணிக்கின்றனர். இத்தனை பரீட்சைக்கும் தக்க காரணம் உண்டு. மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்துப் பழுக்கச் செய்யலாம். செர்ரிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மரத்தை விட்டுப் பிரிந்தபின் அதன் இனிமை வளர்வதில்லை. கடைசி இரண்டொரு வாரங்களிலேதான் கனி பெரிதும் பருத்து இனிப்பேறுகிறது என்பதால், முந்திப் பறித்தவன் அவ்விரண்டையும் இழக்கிறான். பிந்தியவனுக்குக் கிடைப்பதோ குழைந்து தளர்ந்த பழம். ஆதலால் இங்கே சோதனை என்பது கருமம் முடிந்தபின் பலனை எண்ணிப் பார்க்கும் ஆசையன்று. கருமத்தின் உள்ளே அடங்கிய ஓர் அங்கமே ஆகும்.

அன்றியும், அச்சோதனை எதிர்காலத்தையும் நோக்கியது. அடுத்த வசந்தத்தில் மலரவேண்டிய பூமொட்டுகள் இந்த ஆண்டின் கோடையிலேயே மரத்தில் உருவாகிவிடுகின்றன. இலைகளின் சக்திக்கு மிஞ்சிக் காய்கள் பிடித்தால் கனிகள் சிறுத்து இனிமை குன்றும். இவ்வாண்டுக் கனியின் குறையை உள்ளபடி அறிந்தவனே எந்தக் கிளையைக் கவாத்துச் செய்வது, எவ்வளவு சுமையை மரத்தின்மேல் விடுவது என்று அறிவான்.

இனி, பற்று எங்கே புகுகிறது என்று பார்ப்போம். உச்சியிலும் வெளிப்புறத்திலும் வெயில் படும் கனிகள் நிறமும் இனிப்பும் மிக்கவை. உட்கிளைகளின் நிழலில் வளர்ந்தவை அவ்விரண்டிலும் குறைந்தவை. பலனில் ஆசை கொண்டவனுடைய கை, அவன் அறியாமலே, வெயில் பட்ட கிளையை நோக்கி நீள்கிறது. கருவி பொய் சொல்வதில்லை. ஆனால் கருவியினிடம் எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் மனம் பொய் சொல்கிறது. மரத்தின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் நடுநிலையோடு கனி எடுப்பவன், தனக்குப் பாதகமான விடையையும் வரவேற்கச் சித்தமானவன். எனவே, பலனைத் துறந்தவன் பலனைச் சோதிக்கலாமா என்ற கேள்வியே தலைகீழாக மாறிவிடுகிறது: பலனைத் துறந்தவனைத் தவிர வேறு யார் அதை உண்மையாகச் சோதிக்க முடியும்?

பலன் ஒருவன் கையில் மட்டும் இல்லை என்பதையும் கீதையே காட்டுகிறது. அதன் 18-ஆம் அத்தியாயம் எந்தக் கருமமும் நிறைவேறுவதற்கு அதிஷ்டானம் (நிலைக்களம்), கர்த்தா (செய்பவன்), கரணம் (கருவி), சேஷ்டை (முயற்சி), தைவம் (ஊழ்) என ஐந்து காரணங்களைக் கூறுகிறது. செர்ரித் தோட்டத்தில் இவ்வைந்தும் கண்கூடு. மரம் உறங்கி எழுவதற்கு நூற்றுக்கணக்கான மணி நேரக் குளிரைத் தரும் நிலம் வேண்டும். பிங் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது என்பதால் அருகில் இணக்கமான வேறொரு வகையும், இரண்டிற்குமிடையே பறந்து திரியும் தேனீக்களும் வேண்டும். இவற்றிடையே உழவன் ஒரு காரணம் மட்டுமே. எல்லாம் கூடி வந்த பின்னரும், பறிப்பதற்குச் சற்று முன் மழை பெய்தால், முற்றிய கனி நீரை உறிஞ்சித் தோல் வெடித்துப் போகிறது. வாஷிங்டனில் ஹெலிகாப்டரைத் தோட்டத்தின்மேல் தாழப் பறக்கவிட்டு நீரை உதறச் செய்வதும் உண்டு. அந்த முயற்சி தர்மமே. அதற்கு அப்பால் நிகழ்வது அவன் ஆட்சிக்கு உட்பட்டதன்று.

பிங் என்னும் பெயருக்குரியவரின் வரலாறும் இங்கே நினைக்கத்தக்கது. ஆரிகனில் மில்வாக்கி என்னும் ஊரில் சேத் லூவெல்லிங் என்பவர் 1875-இல் இவ்வகையைத் தோற்றுவித்தார். அவருடைய தோட்டத்தில் மரங்களைப் பேணி வந்த ஆ பிங் என்னும் சீன மேஸ்திரியின் பெயர் அதற்கு இடப்பட்டது. 1889-இல் தாய்நாட்டைக் காணச் சென்ற அவரால், சீனரைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டங்களின் காரணமாகத் திரும்பி வர இயலாமற் போயிற்று என்பர். பற்றின்மை என்னும் உயர்ந்த சொல்லைக் கொண்டு அந்த அநீதியை நாம் மூடி மறைக்கலாகாது. பலனைத் தானே விடுவது துறவு, பிறனுடைய பலனைப் பறிப்பது களவு. ஆயினும், அவர் கை அந்த மரங்களுக்குச் செய்த பணி, அவர் அங்கே இல்லாததனால் குறைவுபட்டதன்று.

ஆதலின் விடை இதுவெனத் துணிகிறேன்: கனியின் குணத்தைப் பற்றிய அக்கறை மரத்துக்கும் உண்பவர்க்கும் நாம் செலுத்தும் கடன், அது என்னுடையது, என் பெருமை என்று கொள்ளும் எண்ணமே துறக்க வேண்டியது. அக்கறையையும் சேர்த்துத் துறந்துவிட்டவன் ஞானியல்லன். தன் கடனை நடுவழியில் கைவிட்டவன்.